நான்காவது கிண்ணம்

ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி. மற்றதையெல்லாம் கை பார்த்துக்கொள்ளும். டிராக்டரில் வந்து நிற்கும் மக்காச்சோளத்தில் நீளக் குழாயைக் குத்தி, நாலைந்து இடத்திலிருந்து மணிகளை உருவி, ஒன்றாகக் கலந்து, மிக்சியில் மாவாக்கி, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் கோடு விழும். கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரிதான். ஒரு கோடு என்றால் சரக்கு சுத்தம். இரண்டு கோடு என்றால் மரபணு மாற்றிய சோளம் அதில் கலந்திருக்கிறது. இரண்டு கோட்டைப் பார்த்து இங்கே யாரும் இனிப்பு வாங்கிக் கொடுப்பதில்லை.

அந்த ஐந்து நிமிடத்தில் நான் துடைத்த மேஜையையே மறுபடி துடைப்பேன். ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். எடைமேடைக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் பம்பரம். ஒரு நாள் என்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போடப் போவதாக அவர் சொல்லாத வாரம் கிடையாது.

அறுவடை தொடங்கிய அன்று என் தம்பியின் முதல் டிராக்டர் வந்தது. குழந்தைகள் உணவு செய்யும் ஆலைக்காக அவன் ஏழு ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தான். மரபணு மாற்றாத ரகம். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் மற்றது கலந்திருந்தால் ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதைச் சோதித்து முத்திரை வைப்பது விவசாயிகள் சங்கம். சங்கத்தில் அந்த அறை என்னுடையது. அக்கா சோதித்து தம்பி விற்பதா என்று முன்பு சிலர் முணுமுணுத்தார்கள். என் சுபாவம் தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள். அவன் சரக்கென்றால் நான் இரண்டு முறை சோதிப்பேன்.

அன்று மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் இரண்டு கோடு.

"என்னக்கா இவ்ளோ நேரம்? பட்டையில கோடு விழுதா, இல்ல நீயே உக்காந்து வரையுறியா?" என்று தம்பி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். முகத்தில் சோளத்தூசி, ஒரு பக்கம் சிரிப்பு.

பட்டையைக் காட்டினேன். அவனுக்கும் பார்க்கத் தெரியும். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்ல ஒரு பெரிய கருவி இருக்கிறது. அது இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மணி நேரமும் நான் அறைக்கும் எடைமேடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தம்பி டிராக்டர் நிழலில் குந்தி உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தான். கருவி கடைசியில் நூற்றுக்கு ஒன்று புள்ளி இரண்டு என்றது. வயலில் அறுவடை இயந்திரத்தை அத்தோடு நிறுத்தச் சொன்னோம். முக்கால்வாசிப் பயிர் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

தம்பி வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "மாமா" என்பதுதான். சும்மா மாமா இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மாமா.

அவன் மாமனாரின் வயல் இவன் வயலை ஒட்டியிருக்கிறது. அவர் மாட்டுத்தீவனத்துக்காகச் சோளம் போடுகிறவர். முழுக்க மரபணு மாற்றிய ரகம். அதற்கும் சங்கத்தில் அனுமதி உண்டு. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், நடுவில் இத்தனை அடி இடைவெளி விட வேண்டும், அவ்வளவுதான். அவர் மகரந்தம் காற்றில் பறந்து இவன் கதிரில் விழுந்துவிட்டது என்று தம்பி அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டான். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

அந்த மனிதருக்குச் சங்கத்தில் பெயர் 'சந்தேகம்'. எடைமேடையில் ஏறிய மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வார். ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். விதைக்கும் பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருடத்து மிச்ச விதை ஒரு மூட்டை கொண்டுவந்தார், முளைக்குமா என்று பார்த்துச் சொல்லும்படி. என் கிண்ணத்தில் விதையை அவரே அள்ளி வைத்துவிட்டு, மூட்டை வாயைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். அதே நாள் தம்பியும் மூன்று மூட்டை விதை கொண்டுவந்தான். இருவரையும் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். சோதனைக்கு எடுத்தது போக மிச்சமாகும் விதையை உடையவர் மூட்டையிலேயே திருப்பிக் கொட்டிவிடுவது எங்கள் சங்கத்து வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அந்த மிச்சத்தையெல்லாம் தன் கோழிகளுக்குக் கொண்டுபோனார் என்று பெரிய ரகளை ஆகி, அதன் பிறகு வந்த வழக்கம். நான் கொட்டி முடித்தேன். சந்தேகம் உள்ளே வந்து தன் மூட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என் கிண்ணம் எங்கம்மா?"

"கொட்டியாச்சு மாமா."

"இதுல கொட்டுனியா? கம்பி நான் முறுக்குன மாதிரியே இருக்கே."

"முறுக்க எனக்கும் ரெண்டு கை இருக்கு மாமா. உங்க ஒரு பிடி விதைய வறுத்துத் தின்னா நான் மாளிகை கட்டப் போறேன்?"

எடைமேடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் சிரித்தான். சந்தேகம் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்தக் கதையை நான் அதற்குப் பிறகு பத்து பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பேன்.

அன்று மாலையே தம்பி மாமனார் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்தான். பெண்ணைக் கொடுத்துவிட்டு வயலைக் கெடுத்தவர் என்றானாம். அவர் பதில் சொல்லவில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டாராம். பதில் சொல்லாததே குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான் என்று தம்பி என்னிடம் சொன்னான்.

மறுநாள் காலை நான் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். என்னை அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், அன்று டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். படுக்கையறைக் கதவருகில் ஒரு துணிப்பை நிறைந்து நின்றது.

தம்பி ஒரு படிவத்தை மேஜையில் விரித்தான். சங்கத்தின் புகார்ப் படிவம். அடுத்த நாள் பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. மாமனார் வயலை ஒட்டிய எல்லைச் சால்களிலிருந்து கதிர் பறித்துச் சோதித்து, கலப்பு இருக்கிறது என்று சோதனைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். மாமனாரின் அனுமதி மூன்று வருடத்துக்கு ரத்து. அந்தத் தீவனம் இல்லையென்றால் அவர் இருபது மாடுகளையும் விற்க வேண்டியதுதான்.

"எல்லையில மட்டும் எடுத்தா போதும்க்கா. அங்கதான வந்து விழுந்திருக்கும்."

"எங்கப்பா தப்பே பண்ணிருக்க மாட்டாருன்னு நான் சொல்லல அண்ணி," என்று அவள் பாத்திரத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "பாத்துட்டு சொல்லுங்க. இவரு பாக்காமலே சொல்லிட்டு வந்துட்டாரு. நாளைக்கு அந்த பேப்பர் கமிட்டிக்கு போச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

"போறவங்கள யாரும் பிடிச்சு வைக்கல," என்றான் தம்பி.

"நீ வாய மூடு," என்றேன் அவனிடம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. படிவத்தையும் காகிதப் பைகளையும் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன்.

எல்லையோரம் போய் நின்றதும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பக்கத்து வெற்று நிலம். மாமனாரின் வயலில், எங்கள் பக்கமாகப் பன்னிரண்டு சால் அகலத்துக்குப் பயிரே இல்லை. களை மண்டிக் கிடந்தது. காலால் விலக்கிப் பார்த்தேன். அடித்தண்டுகள் வரிசையாக நின்றன. பச்சையிலேயே, இளசாக இருக்கும்போதே அரிவாளால் வெட்டிய தண்டுகள். சங்கம் கேட்கிற இடைவெளிக்கு மேலே இது.

தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டு அவர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். நான் விடுவேனா?

"மாமா, இது எப்ப வெட்டுனது?"

"பூ விடுறதுக்கு முன்னால."

"எதுக்கு?"

"மாட்டுக்கு பச்சை வேணும்ல."

"மாட்டுக்கு வெட்டுறவங்க வீட்டுப் பக்கமா இருக்கிற சால்லேர்ந்துதான வெட்டுவாங்க? இவ்ளோ தூரம் வந்து, இந்த ஓரத்துலயா?"

"ஏதாவது ஒரு பக்கத்துலேர்ந்து வெட்டத்தான வேணும்," என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "உன் தம்பிகிட்ட இத போய் சொல்லிட்டிருக்காத," என்றார்.

எனக்கு முகம் சுட்டது. மருமகன் வயலுக்கு மகரந்தம் போய்விடக் கூடாது என்று பன்னிரண்டு சாலை வெட்டி மாட்டுக்குப் போட்ட மனிதர் இவர். அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நேற்று வாசலில் நின்று அவன் கத்தியபோதும் சொல்லவில்லை. எங்கள் தம்பியோ இரண்டு மாதமாக அந்த வெற்று நிலத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, மாமாவுக்கு இந்த வருடம் பயிரே சரியில்லை என்று கேலி செய்துகொண்டிருந்திருக்கிறான்.

எல்லையில் கதிர் பறித்தேன். அதோடு நிற்கவில்லை. காற்றில் வந்த மகரந்தமாக இருந்தால் எல்லையோரம் கலப்பு அதிகமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும், மறுகோடியில் அநேகமாக இருக்காது. அதனால் வயலின் நடுவிலும், கால்வாய் ஓரமாக இருக்கும் மறுகோடியிலும், இடையிடையேயும் பறித்தேன். சோள இலை இரண்டு கையையும் கீறியது. ஓடி ஓடிப் பறித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டுப் பைகள் நிறைந்தன.

மதியத்துக்குள் எட்டையும் அரைத்துப் பட்டை போட்டேன். எட்டிலும் இரண்டு கோடு. பெரிய கருவியில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன், மூடினேன். எடைமேடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு பம்பரத்துக்கு ஓவரா சாட்டை சுத்திட்டாங்க போல," என்றார். பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாததில் பயந்து அவர் போய்விட்டார்.

கருவி ஒவ்வொன்றாகச் சொன்னது. எல்லையில் ஒன்று புள்ளி ஒன்று. நடுவில் ஒன்று புள்ளி இரண்டு. கால்வாய் ஓரம் ஒன்று புள்ளி மூன்று. மற்றவையும் அதே கணக்கு. ஒரு பானைச் சோற்றில் உப்புப் போட்டுக் கிளறியது மாதிரி வயல் முழுக்க ஒரே அளவு.

காற்று இப்படிப் பங்கு வைக்காது. இது விதையோடு வந்தது. விதையில் நூற்றுக்கு ஒன்று வேற்று விதை இருந்தால் வயலில் நூற்றுக்கு ஒரு செடி வேற்றுச் செடி. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அந்தச் செடியின் கதிரில் ஏறத்தாழ பாதி மணிகளில் அது இருக்கும். அதன் மகரந்தம் பறந்துபோய்ச் சுற்றியிருக்கிற நல்ல கதிர்களிலும் இங்கொன்று அங்கொன்றாக மணி பிடிக்கும். எல்லாவற்றையும் கூட்டினால், விதையில் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் அறுவடையிலும் நிற்கும். நடுவில் கூடுவதும் இல்லை, தானாகக் கழிந்துபோவதும் இல்லை. இதை நானே வருடா வருடம் விவசாயிகளுக்கு வகுப்பெடுக்கிறேன்.

ஆனால் தம்பியின் விதையைச் சோதித்தவள் நான். சுத்தம் என்று கையெழுத்துப் போட்டவளும் நான். ஒவ்வொரு விதையிலும் ஒரு கைப்பிடி எடுத்து அரக்கு வைத்து அலமாரியில் பூட்டி வைப்போம். சாட்சிப் பொட்டலம் என்று பெயர். நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் பேசும். தம்பியின் மூன்று பொட்டலங்களையும் உடைத்து அரைத்தேன். அவசரத்தில் மாவு மேஜையெல்லாம் சிந்தியது. மூன்றிலும் ஒரே கோடு. சுத்தம்.

சோதித்தபோது சுத்தம். பொட்டலம் கட்டியபோது சுத்தம். விதைத்து வந்தது கலப்பு. அப்படியானால் பொட்டலம் கட்டியதற்குப் பிறகு, விதைப்பதற்கு முன்னால் ஏதோ நடந்திருக்கிறது. பொட்டலம் கட்டியதற்குப் பிறகு இந்த அறையில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். மிச்சத்தை மூட்டையில் திருப்பிக் கொட்டுவது.

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணங்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே கடையில் வாங்கியவை. ஒருவர் வேலை முடிந்து, கிண்ணம் கழுவிய பிறகுதான் அடுத்தவர் மூட்டையைத் தொட வேண்டும் என்பது விதி. கொட்டும்போது உடையவர் எதிரில் நிற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான். அன்று இரண்டையும் விட்டேன். சொந்தக்காரர்கள்தானே என்று தம்பியின் மூன்று கிண்ணத்தையும் அவர் கிண்ணத்தையும் ஒரே வரிசையில் வைத்திருந்தேன். இருவரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். எடைமேடைக்காரரோடு ஏதோ வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே கிண்ணங்களை எடுத்தேன், கொட்டினேன். தம்பி மூட்டைகள் மட்டும்தான் வாய் திறந்து நின்றன. நான்கு கிண்ணமும் அவற்றில்தான் போயிருக்கிறது.

கிண்ணத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மூட்டையும் சேர்ந்து அறுபது கிலோ. விதைக்கிற அன்று காலையில் தம்பி மூன்றையும் ஒரே தார்ப்பாயில் கொட்டி மருந்துத்தூள் போட்டுப் புரட்டி எடுப்பான். வருடா வருடம் அப்படித்தான். முக்கால் கிலோவை அறுபதால் வகுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு ஒன்று புள்ளி இரண்டு, கருவி சொன்ன அதே எண். கணக்கு தப்பாக இருக்கக் கூடாதா என்று மறுபடி வகுத்தேன்.

கம்பி நான் முறுக்கின மாதிரியே இருக்கே என்று அவர் சொன்னார். அவர் மூட்டையை நான் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று ஒழுங்காக நினைவில்லை. அறையைக் கூட்டினேன். கழுவிய கிண்ணங்களை மறுபடி கழுவினேன். வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் ஒரு வரிகூடப் பொய் எழுத வேண்டியதில்லை. சாட்சிப் பொட்டலம் சுத்தம், அது உண்மை. எல்லையில் கலப்பு இருக்கிறது, அதுவும் உண்மை. மற்ற ஏழு பைகளைக் குப்பையில் போட்டுவிட்டு இந்த இரண்டு உண்மையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் தம்பி கேட்டது கிடைத்துவிடும். என் முத்திரையும் என்னிடமே இருக்கும். பதினோரு வருடமாக யாரும் விரல் நீட்டிப் பேசாத முத்திரை. அது போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்படித்தான் யோசித்தேன். அரைமணி நேரம் யோசித்தேன்.

பேனாவை எடுத்து அந்தப் படிவத்தில் எல்லைப் பையின் எண்ணை எழுதவும் எழுதினேன். அப்போது கையிலிருந்த கீறல் எரிந்தது. பன்னிரண்டு சாலை அரிவாளால் வெட்டியவருக்கு எத்தனை கீறல் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் சொந்தப் பயிர். அதை வெட்டும்போது பக்கத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை.

படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. தம்பி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்தத் துணிப்பை இப்போது கூடத்துக்கு வந்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதாக்கா? எல்லையில இருக்குல்ல?"

"இருக்கு. எல்லா இடத்துலயும் இருக்கு. கால்வாய் ஓரத்துல எல்லைய விட அதிகமா இருக்கு."

"அதெப்படி?"

"விதையில வந்துச்சு. நான்தான் போட்டேன்."

உட்காராமலே சொல்லி முடித்தேன். கிண்ணம், வரிசை, வாய்ச்சண்டை, வகுத்தல் கணக்கு எல்லாவற்றையும். வெற்று நிலத்தையும் சொன்னேன். சொல்லாதே என்று அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். தம்பியின் கையில் குச்சி அப்படியே நின்றது.

"சுத்தம்னு கையெழுத்து போட்டு குடுத்தியேக்கா."

"சுத்தமாத்தான் இருந்துச்சு. கையெழுத்து போட்ட பிறகு நான் கெடுத்தேன்."

"ஏழு ஏக்கர்," என்றான். நாலு மாதம் அவன் அந்த வயலில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னை இரண்டு அறை அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு கமிட்டில இத சொன்னா உன்ன ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டாங்க," என்றான்.

"தெரியும்."

"ஆலை எப்படியும் என் சரக்க எடுக்கப் போறதில்ல. அது போனது போனதுதான். நீ சொல்றதால அது திரும்பி வராது." நிறுத்தினான். "யாருக்கும் தெரியாதுல்ல?"

"அப்ப எங்கப்பாவ வச்சு முடிச்சுக்கலாம்னு பாக்குறீங்களா?" என்று அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் அப்படி சொல்லல."

"பின்ன எப்படி சொன்னீங்க?"

அவன் பதில் சொல்லவில்லை. நேற்று மாமனார் சாத்திக்கொண்ட கதவைப் பற்றி என்னிடம் என்ன சொன்னான் என்பது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். காது மடலெல்லாம் சிவந்துபோனது. நான் பையிலிருந்த படிவத்தை எடுத்துக் கிழித்து அவன் செருப்புப் பக்கத்தில் போட்டேன்.

"கமிட்டில நான் சொல்லத்தான் போறேன். உங்கிட்ட கேக்க வரல," என்றேன்.

அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஒலியைக் கூட்டி என் முன்னால் நீட்டினாள். "கமிட்டிக்கு நாளைக்கு சொல்லலாம் அண்ணி. மொதல்ல இங்க சொல்லுங்க."

மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் அப்பா எடுத்தார். பின்னால் மாடுகளுக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். தம்பியிடம் மளமளவென்று கொட்டிய வாய் இப்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடியது. நின்றுகொண்டு சொல்ல முடியாமல் அந்தத் துணிப்பை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"தம்பி மூட்டையிலயா கொட்டுன?"

"ஆமா மாமா."

"முக்கால் கிலோ இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி தெரியும்?"

"அன்னைக்கே வீட்டுக்கு வந்ததும் மூட்டைய நிறுத்துப் பாத்தேன். முக்கால் கிலோ குறைஞ்சுது. நீ வேற எங்கயோ கொட்டிட்டன்னு சொல்ல மறுநாள் காலைல கெளம்பி உங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்தேன்."

"வந்தீங்களா?"

"வந்தேன். உள்ள நீ அந்த வறுத்துத் தின்ற கதைய யாருக்கோ சொல்லிட்டிருந்த. எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க. அப்படியே திரும்பிட்டேன்." மூச்சு வாங்கினார். "இவன் அப்பறம் நாலு நாள் கழிச்சுத்தானம்மா விதைச்சான்."

நான்கு நாள். அன்றைக்கு அவர் உள்ளே வந்திருந்தால் மூன்று மூட்டையையும் மாட்டுக்குப் போட்டுவிட்டு வேறு விதை வாங்கியிருப்போம். தம்பி வாசற்படியிலிருந்து எழுந்து வந்து, போனை வாங்க என்னிடம் கையை நீட்டினான். மறுமுனையில் அவர் தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் மறுபடி கேட்டது.